பனியின் பாரமும் பாலிதீன் கூரையும்

(பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

'பனி' என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது மார்கழி விடியல்தான். புல் நுனியில் முத்துப் போல ஒரு துளி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டீக்கடை வாசலில் நிற்கும் பெரியவர்கள்; நாம் கண்ட பனி இவ்வளவே. வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். அதற்கு எடை உண்டா என்று நாம் யாரும் கேட்டதில்லை. ஆனால் பனிக்கு எடை உண்டு. அந்த எடை ஒரே இரவில் ஆயிரக்கணக்கான பசுமைக்குடில்களைத் தரையோடு தரையாக அழுத்தியதும் உண்டு. அது எவ்வாறு நிகழ்கிறது, அதைத் தடுக்க உழவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை நான் படித்தறிந்த அளவில் இங்கு விளக்க முயல்கிறேன்.

பனிப்பொழிவையே காணாத ஊர்க்காரனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று வகுப்பு நண்பர்கள் கேட்டார்கள். காரணம் உண்டு. என் தாயார் ஓசூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பசுமைக்குடிலில் பூ வெட்டும் வேலைக்குப் போகிறார். எங்கள் ஊரில் அதைப் பாலிஹவுஸ் என்றால்தான் தெரியும். விடுமுறை நாட்களில் நானும் அங்கே கூலிக்குப் போயிருக்கிறேன். வளைத்த ஜி.ஐ. பைப்புகளை வரிசையாக நட்டு, மேலே பாலிதீன் விரிப்பைப் போர்த்தி, அலுமினியப் பட்டையின் பள்ளத்தில் வைத்து, நெளிநெளியான ஸ்பிரிங் கம்பியால் அழுத்திப் பூட்டியிருப்பார்கள். அந்த ஸ்பிரிங்கைப் பூட்டிப் பூட்டி என் கட்டைவிரல் நகம் பெயர்ந்ததுண்டு. ஒரு சித்திரை மாதத்து மாலையில் இடிமழையோடு அடித்த காற்று பக்கத்துத் திரைக்குள் புகுந்து, கூரை விரிப்பைப் பலூன் போல் ஊதித் தூக்கியதை நேரில் பார்த்தேன். இரண்டு வரிசைப் பைப்புகள் அடியோடு பிடுங்கிக்கொண்டு சாய்ந்தன. அன்றிலிருந்து பத்து நாட்களுக்கு அம்மாவுக்கு வேலை இல்லை.

ஆகவே எங்கள் பக்கத்துப் பசுமைக்குடிலின் பகைவன் காற்று. அது கீழிருந்து மேலே தூக்கும். கல்லூரிக்கு வந்து விசைகளைப் பற்றிப் படித்தபோது, இதே பைப், இதே பாலிதீன், இதே ஸ்பிரிங் பனி பெய்யும் நாட்டில் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. அங்கே விசை மேலிருந்து கீழே இறங்கும். அதுவும் காற்றைப் போலச் சில நிமிடங்களில் அடித்துவிட்டுப் போகாது. ஓசையின்றி வந்து, இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஜப்பான் நாட்டில் 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி 14, 15 தேதிகளில் பெய்த பெரும்பனி. டோக்கியோவுக்கு மேற்கே யமானாஷி என்றொரு மாவட்டம் உள்ளது. நான்கு பக்கமும் மலை; தெற்கே புகழ்பெற்ற ஃபூஜி எரிமலை. நடுவே கிண்ணம் போன்ற சமவெளி. திராட்சைக்கும் பீச் பழத்துக்கும் ஜப்பானில் முதலிடம் பெற்ற மாவட்டம் இதுவே. இதன் தலைநகரான கோஃபுவில் 1894 முதல் வானிலைக் குறிப்புகள் உள்ளன. அந்த நீண்ட காலத்தில் அங்கு அளக்கப்பட்ட அதிகபட்சப் பனி 1998-இல் விழுந்த 49 சென்டிமீட்டர்தான். 2014 பிப்ரவரி 15 காலையில் அளந்தபோது 114 சென்டிமீட்டர் இருந்தது. அதாவது பழைய சாதனையின் இரு மடங்குக்கும் மேல்! நம் மார்பளவுக்குப் பனி என்று வைத்துக்கொள்ளலாம். வேறு மாவட்டங்களில் மாயெபாஷி நகரில் 73 சென்டிமீட்டர், குமகாயா நகரில் 62 சென்டிமீட்டர். இவையும் அந்தந்த ஊர்களுக்குப் புதிய உச்சங்களே. சாலைகள் மூடின, ரயில்கள் நின்றன, மலைக் கிராமங்கள் துண்டிக்கப்பட்டன. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஸ்ட்ராபெரி பறிக்கும் பருவம் உச்சத்தில் இருந்த வேளையில் பசுமைக்குடில்கள் வரிசை வரிசையாகப் படுத்துவிட்டன.

இப்போது நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜப்பானில் சாதாரணமாகக் காணப்படும் பைப் குடில் ஏறத்தாழ 6 மீட்டர் அகலமும் 50 மீட்டர் நீளமும் உடையது. அப்படியானால் பரப்பு 300 சதுர மீட்டர். புதிதாக விழுந்த பனி பஞ்சு போன்றது. அதில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கன மீட்டர் புதுப்பனி ஏறத்தாழ 100 கிலோ என்று கொள்ளலாம். 30 சென்டிமீட்டர் பனி விழுந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ. குடில் முழுவதற்கும் 9,000 கிலோ, அதாவது 9 டன். ஒரு லாரி நிறைய செங்கல்லை ஏற்றி, அந்த லாரிச் சுமையை அப்படியே பாலிதீன் மேல் பரப்பியதற்கு ஒப்பாகும். கோஃபுவில் விழுந்த 114 சென்டிமீட்டருக்கு இதே கணக்கைப் போட்டால் 34 டன் வருகிறது. நான்கு டன் யானை எட்டு வந்து கூரைமேல் ஏறி நின்றால் எப்படி இருக்கும்! இதுவும் குறைந்த மதிப்பீடுதான். விழுந்த பனி தன் எடையாலேயே அமுங்கி இறுகிவிடுவதால், தரையில் அளக்கும் பனி புதுப்பனியைவிட அடர்த்தி மிகுந்தது.

அத்துடன் மழையும் சேர்ந்துகொண்டால்? 2014-இல் டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ சமவெளியில் நடந்தது அதுதான். பனியாகத் தொடங்கியது இரவில் பல இடங்களில் மழையாக மாறியது. மழை பெய்தால் பனி கரைந்து ஓடிவிடும், நல்லதுதானே என்று நாம் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மை நேர்மாறானது. கூரைமேல் இருக்கும் பனி ஒரு பஞ்சு மெத்தை. மழைநீரை அது உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர், அதாவது ஒரு கிலோ. 20 மில்லிமீட்டர் மழை பெய்து அது முழுவதும் பனிக்குள் தங்கினால் நம் 300 சதுர மீட்டர் குடிலின்மேல் மேலும் 6 டன் ஏறிவிடும். பனியின் உயரமோ கூடுவதில்லை. சற்றுக் குறையக்கூடச் செய்யும். உயரத்தை மட்டும் பார்த்து 'இனிப் பயமில்லை' என்று உழவர் உள்ளே போகும் நேரம்தான் கூரை இறங்கும் நேரம்.

பசுமைக்குடில்கள் மட்டும் இதில் ஏமாறவில்லை. சைதாமா மாவட்டத்தில் ஃபுஜிமி நகரின் பெரிய உடற்பயிற்சிக் கூடத்தின் கூரையே பிப்ரவரி 15 அன்று இடிந்து விழுந்தது. பொறியாளர்கள் ஆராய்ந்தபோது, பனிக்குமேல் பெய்யும் மழையின் எடை கட்டட விதிகளில் கணக்கில் இல்லை என்பது கண்கூடாயிற்று. அதன்பின் விதி திருத்தப்பட்டு, அகன்ற, சரிவு குறைந்த, இலேசான கூரைகளுக்கு மழையின் எடையையும் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்பது 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

அப்படியானால் குடிலைத் தடித்த இரும்பால் கட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். பசுமைக்குடில் கட்டுவதே சூரிய ஒளி உள்ளே வருவதற்காக. ஒவ்வொரு பைப்பும் செடிமேல் ஒரு நிழல்கோடு. பைப் தடித்தால் நிழல் கூடும், விலையும் கூடும். ஆகவே ஒளிக்காகவும் காசுக்காகவும் அதை மெலிதாகவே கட்டுகிறார்கள். அவ்வூரின் பனி எவ்வளவு என்று பார்த்து, அதைத் தாங்கும் அளவுக்கு மட்டும் வலிமை வைக்கிறார்கள். ஜப்பானியக் கட்டட விதியில் சாதாரண ஊர்களுக்கு ஒரு சென்டிமீட்டர் பனிக்குச் சதுர மீட்டருக்கு 20 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 2 கிலோ என்று கணக்கு. பனி மிகுந்த ஊர்களுக்கு 30 நியூட்டன். ஐரோப்பாவில் பசுமைக்குடில்களுக்கென்றே தனித் தரநிலை உண்டு. வீடு போல ஐம்பது ஆண்டு நிற்க வேண்டியதில்லை, ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டு போதும் என்று வகைப்படுத்தி, அதற்கேற்பக் குறைந்த பனிச்சுமைக்குக் கட்ட அது அனுமதிக்கிறது. எப்போதும் சூடேற்றி வைக்கும் குடிலானால் பனி தங்காது என்று இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

ஜப்பானின் மேற்குக் கரையில் நீகாதா போன்ற மாவட்டங்களில் ஆண்டுதோறும் ஆளுயரப் பனி விழும் இடங்கள் உள்ளன. அங்குள்ளவர்கள் குளிர்காலம் வருமுன் பயன்படாத குடில்களின் விரிப்பைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிடுவார்கள். எலும்புக்கூடு போல நிற்கும் பைப்புகளுக்கு இடையே பனி விழுந்து தரைக்குப் போய்விடும். அங்கே பனி பழகிய விருந்தாளி. பேரழிவு நேர்ந்தது யமானாஷியிலும் கான்டோ சமவெளியிலும், அதாவது பனியை எதிர்பாராத ஊர்களில்.

இனித் தற்காப்பு முறைகளுக்கு வருவோம். அவற்றுள் பெரும்பாலானவை பனி விழுவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியவை.

முதலில் கூரையின் மேற்பரப்பு. பாலிதீன் வழுவழுப்பானது, சற்றே ஈரமாக இருந்தால் பனி தானே வழுக்கி இறங்கும். ஆனால் கிழிசலுக்குப் போட்ட ஒட்டு, தொய்ந்து தொங்கும் இடம், வெளியே கட்டிய நிழல்வலை, பூச்சிவலை ஆகிய ஒவ்வொன்றும் பனி பற்றிக்கொள்ள ஒரு பிடி. வலையைக் கழற்றிவிட வேண்டும்; விரிப்பை இழுத்து இறுக்க வேண்டும். அரைவட்டக் கூரையின் உச்சியில் சரிவே இல்லாததால் அங்கே பனி எப்படியும் தங்கும். இதனால்தான் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் உச்சி கூர்ந்த வளைவுகளைப் பலர் விரும்புகிறார்கள். இரண்டு மூன்று குடில்களை ஒட்டவைத்துக் கட்டும்போது நடுவே ஓடும் பள்ளத்தில் இரு பக்கத்துப் பனியும் வந்து குவியும். அந்தப் பள்ளமே முதலில் முறியும் இடம். தனித்தனியாகக் கட்டினால் வழுக்கிய பனி விழ இரண்டு குடில்களுக்கு இடையே இடம் விடவேண்டும். நிலத்தை வீணாக்காமல் நெருக்கிக் கட்டியவர்களுக்கு, பக்கத்தில் விழுந்த பனி கூரை விளிம்புவரை குவிந்து, மேலும் வழுக்க இடமில்லாமல் தடுத்ததோடு பக்கச் சுவரையும் உள்ளே தள்ளிவிடும்.

அடுத்தது எலும்புக்கூட்டின் வலிமை. வளைந்த பைப்பின் உச்சியில் பாரம் இறங்கினால் உச்சி தட்டையாகும். தோள்பட்டை இரண்டும் வெளியே பிதுங்கும். வில்லை நினைத்துக்கொள்ளுங்கள். நாண் இருக்கும்வரை வில் விரியாது. அதுபோலத் தோளுக்குத் தோள் ஒரு கம்பியோ குறுக்குப் பைப்போ கட்டினால் பிதுங்கல் நிற்கிறது. உச்சிக்கு நேர்கீழே ஆங்காங்கே ஒரு முட்டுக்கால் கொடுப்பது இன்னும் எளிய வழி. மூங்கில்கூடப் போதும். ஆனால் இரண்டு செய்திகளை மறக்கக்கூடாது: காலின் அடியில் பலகையோ கல்லோ வைக்காவிட்டால் நீர்ப் பாய்ந்த மண்ணில் அது ஆணி போல் இறங்கிவிடும், தலைப்பக்கத்தை உச்சிப் பைப்போடு கட்டாவிட்டால் முதல் ஆட்டத்திலேயே நழுவிவிடும். வானொலியில் பனி எச்சரிக்கை கேட்டவுடன் ஓடிப்போய் நடுவதற்காகச் சிலர் முட்டுக்கால்களை அளவெடுத்து வெட்டி, குடிலின் மூலையில் கட்டாக வைத்திருப்பார்கள். குறுக்கே சாய்த்துக் கட்டும் பைப்புகளும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வளைவு சாயும்போது சீட்டுக்கட்டு போல வரிசை முழுவதும் சாய்ந்துவிடும்.

பைப்பின் பருமனைப் பற்றி ஒரு சுவையான கணக்கு உண்டு. ஜப்பானில் 22.2 மில்லிமீட்டர் பைப்பும் 25.4 மில்லிமீட்டர் பைப்பும் புழக்கத்தில் உள்ளன. பார்ப்பதற்கு வேறுபாடே தெரியாது. ஆனால் ஒரே கனமுள்ள மெல்லிய குழாயின் வளைவு தாங்கும் திறன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் 14 விழுக்காடு கூடினால் திறன் 31 விழுக்காடு கூடுகிறது. செலவாகும் இரும்போ 14 விழுக்காடுதான் கூடுகிறது. இதை எங்கள் ஆய்வுக்கூடத்தில் அளவுகோலை வளைத்துச் செய்யும் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்தச் சோதனைக்கு முதன்முறையாக ஒரு பொருள் இருப்பதாகத் தோன்றியது. மண்ணுக்குள் புகும் இடத்தில் துருவேறிய பைப்புக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது வெப்பம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஒரு கிராம் பனிக்கட்டியை அதே சுழி டிகிரியில் நீராக்க 80 கலோரி வேண்டும். இதையே உள்ளுறை வெப்பம் என்று படிக்கிறோம். நம் குடிலின்மேல் 9 டன் பனி இருக்கிறது. முழுவதையும் உருக்க 7,20,000 கிலோகலோரி வேண்டும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் ஏறத்தாழ 8,500 கிலோகலோரி தரும் என்று கொண்டால், ஒரு சொட்டு வெப்பமும் வீணாகாமலே 85 லிட்டர் எரிக்க வேண்டும். நடைமுறையில் இதைவிடப் பல மடங்கு ஆகும். இது கட்டுப்படியாகாது. ஆனால் உழவர்கள் முழுப் பனியையும் உருக்க நினைப்பதில்லை. விரிப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பகுதியை மட்டும் உருக்கினால் போதும். அங்கே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு நீர் உண்டானாலே மேலுள்ள பனி முழுவதும் அந்த நீரின்மேல் வழுக்கி இறங்கிவிடும். அதற்கு 24,000 கிலோகலோரி. கணக்குப்படி 3 லிட்டர் எண்ணெய். 85 எங்கே, 3 எங்கே!

ஆனால் இது நேரமறிந்து செய்தால்தான் பலிக்கும். முதல் பனித்துகள் விழும்போதே விரிப்பு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஆகவே எச்சரிக்கை வந்தவுடன் அடுப்பை மூட்டிவிட வேண்டும். பசுமைக்குடிலுக்குள் வெப்பம் வெளியே போகாமலிருக்க இரவில் ஒரு திரையை இழுத்து மூடுவது வழக்கம். பனி விழும் இரவில் அதைத் திறந்துவிட வேண்டும்! எண்ணெயை மிச்சப்படுத்தும் பழக்கத்தால் அன்றும் மூடிவைத்தால் செடிக்குக் கதகதப்பு இருக்கும், கூரைக்கு இராது. இரண்டு விரிப்புகளுக்கு இடையே காற்றை ஊதி நிரப்பும் வகைக் குடில்களில் காற்றை இறக்கிவிடச் சொல்வதும் இதே காரணத்தால்தான். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது அல்லவா?

நேரம் தவறி, அரை மீட்டர் குவிந்தபின் அடுப்பை மூட்டினால், அடியில் உருகிய நீரையும் மேலுள்ள பனியே உறிஞ்சிக்கொள்ளும். குவியல் அசையாது. மின்சாரம் போய்விட்டால் வெப்பக்காற்றை ஊதும் மின்விசிறியும் நின்றுவிடும். எனவே ஒரு ஜெனரேட்டர் தேவை. இன்னொரு வழி நிலத்தடி நீர். நகாஓகா என்ற நகரில் 1961 முதலே சாலை நடுவில் குழாய் பதித்து, கிணற்று நீரைப் பீச்சிப் பனியை உருக்குகிறார்கள். குளிர்காலத்தில் கிணற்று நீர் வெளிக்காற்றைவிடச் சூடாக இருப்பது நாமும் விடியற்காலையில் கிணற்றடியில் உணர்ந்ததுதானே. சில இடங்களில் பசுமைக்குடில்களின் இடைப் பள்ளங்களிலும் இதைச் செய்கிறார்கள். ஆனால் பனி குவிந்தபின் கூரைமேல் நீரை ஊற்றுவது மழைக்கு நாமே துணைபோவதாகும்.

ஆட்களைக்கொண்டு தள்ளுவதும் உண்டு. நீண்ட கழியின் நுனியில் துணியைச் சுற்றி, விரிப்பு கிழியாமல் இழுக்க வேண்டும். இரு பக்கமும் சமமாக இறக்குவது முக்கியம். ஒரு பக்கத்தை முழுவதும் சுத்தம் செய்துவிட்டு மறுபக்கத்துக்குப் போகலாம் என்று நினைத்தால், அதற்குள் ஒருபக்கச் சுமையால் வளைவு முறுக்கிக்கொண்டு சாய்ந்துவிடும்.

பனிக்கட்டியின் கதை தனி. மழை விழும்போதே உறைந்து கண்ணாடிப் பூச்சாகப் படிவதை உறைமழை என்கிறார்கள். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ மாநிலங்களில் அது பல நாட்கள் பெய்து, உயர்மின் கோபுரங்களையே முறித்துப்போட்டது. பனியைப் போல அதில் காற்று இல்லை. ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கும் மேல். அது வழுக்காது. தட்டி உடைத்தால் விரிப்போ கண்ணாடியோ கூடவே உடையும். உள்ளே வெப்பத்தைக் கூட்டிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி அதிகமில்லை.

இவ்வளவும் செய்தபின்னும் பனி நிற்கவில்லை என்றால்? இரவு மணி இரண்டு. பைப்புகள் முனகுகின்றன. உச்சி தாழ்ந்துவிட்டது. அடுப்பு எரிந்தும் பயனில்லை. ஜப்பானிய வேளாண்மைத் துறையின் அறிவுரை இந்த நிலைக்கும் ஒரு வழி சொல்கிறது: விரிப்பை அறுத்துவிடு. கத்தியால் பாலிதீனைக் கிழித்தால் பனி முழுவதும் உள்ளே கொட்டிவிடும். பாரம் இறங்கியதும் பைப்புகள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் உள்ளே பழுத்துக் கொண்டிருக்கும் ஸ்ட்ராபெரி அன்றோடு முடிந்தது.

படிக்கும்போது இது எளிதாகத் தெரிகிறது. விரிப்பு சில ஆண்டுகளில் மாற்றவேண்டிய பொருள்தான். பைப்போ பல ஆண்டுகளுக்கு உழைக்கக்கூடியது. கணக்குப் பார்த்தால் அறுப்பதே சரி. திராட்சைக் குடிலில் இது இன்னும் தெளிவு. திராட்சைக் கொடி ஓராண்டுப் பயிரன்று. குடில் முறிந்து கொடியின்மேல் விழுந்து தண்டு பிளந்துவிட்டால், புதுக்கொடி நட்டுக் காய்ப்புக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆகும். இலையுதிர்ந்து உறங்கும் கொடிக்கு மேலே பனி கொட்டினால் பெருந்தீங்கில்லை. ஆனால் முன்கூட்டியே பழம் பறிப்பதற்காகச் சூடேற்றித் துளிர்க்கவைத்த கொடியானால் அந்த ஆண்டு விளைச்சல் போகும். எதிர்வரும் ஆண்டுகள் மிஞ்சும்.

ஆயினும், தான் நட்டு, நீர் பாய்ச்சி, எண்ணெய் எரித்து வளர்த்த பயிரின்மேல் தன் கையாலேயே பனியைக் கொட்ட யாருக்கு மனம் வரும்? இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம், நின்றுவிடும் என்றுதான் தோன்றும். எங்கள் தெருவில் வாழை வைத்திருக்கும் பெரியப்பா புயல் எச்சரிக்கை வந்தால் இலைகளைக் கழித்துவிட்டு மரத்தை நிறுத்துவார். ஒவ்வொரு முறையும் புயல் வேறு பக்கம் போய்விட்டால், இலைக்காசு போயிற்றே என்று பெரியம்மா ஒரு வாரம் பேசுவார். பனி நின்றுவிட்டால் விரிப்பை அறுத்தவரையும் ஊர் அப்படித்தானே பேசும்? அதனால் எத்தனை சென்டிமீட்டர் வந்தால் அறுப்பது என்பதைப் பகலிலேயே, வானம் தெளிவாக இருக்கும்போதே முடிவு செய்து வைக்க வேண்டும் என்பது என் கருத்து. இரவு இரண்டு மணிக்கு எடுக்கும் முடிவில் மனம்தான் பேசும்.

அறுப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பைப்புகள் கண்ணுக்குத் தெரிய வளைந்தபின் உள்ளே போகவே கூடாது. முட்டுக்கால் நடவும், பழப்பெட்டிகளை எடுக்கவும் அந்த நேரத்தில் உள்ளே நுழைபவர் திரும்பி வருவது உறுதியில்லை. பயிர், விரிப்பு, பைப் மூன்றையும் விட்டுவிட்டு வெளியே நிற்கவேண்டிய நேரம் அது.

2014-க்குப் பிறகு ஜப்பானிய அரசு, விழுந்த குடில்களை மீண்டும் கட்டும் செலவில் பாதியைத் தான் ஏற்றது; மாவட்ட, நகர ஆட்சிகளும் சேர்ந்து கொடுத்தால் பத்தில் ஒன்பது பங்குவரை உதவி கிடைக்கும்படி வழி செய்யப்பட்டது. இது வழக்கத்தைவிட மிகப் பெரிய உதவி. பசுமைக்குடில்களுக்கென்றே கூட்டுறவுக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றும் அங்கு முன்பே உண்டு. கட்டணத்தில் பாதியை அரசே செலுத்துகிறது. ஆனால் பனி எங்கள் ஊருக்கா வரப்போகிறது என்று அதில் சேராதிருந்தவர்கள் பலர்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எட்டு யானைக் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். விரிப்பை அறுக்கும் இடம் வந்தபோது பேசாமல் இருந்தார். பிறகு, "ஏண்டா, வளைஞ்ச பைப்பை எல்லாம் அவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். ஒருமுறை மடங்கிய குழாயை நிமிர்த்தினாலும் மடங்கிய இடத்தில் அதன் பழைய வலிமை வராது, அதனால் புதிது போடவேண்டும் என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன்.

"அப்படியா சேதி. அன்னிக்குக் காத்துல சாஞ்ச ரெண்டு வரிசையையும் கல்லுமேல வச்சுத் தட்டி நிமித்தித்தான் திரும்ப நட்டாங்க. அதான் அந்த ரெண்டு வரிசையும் இன்னிக்கும் கோணலாவே நிக்குது" என்றார். மறுநாள் வேலைக்குப் போனபோது, அந்த வரிசைக்குக் கீழே நின்று பூ வெட்டுகிற பெண்களிடமும் அதைச் சொல்லியிருக்கிறார்.